பாரம் குறைந்த வண்டியும் பாரமான விலையும்

விலை வேறு, பெறுமதி வேறு. விலை சந்தையிற் கூறப்படுவது. பெறுமதி பயனால் அறியப்படுவது. இவ்விரண்டும் ஒத்து நிற்றலே முறையாயினும், பலவேளைகளில் அவை ஒன்றையொன்று விட்டு வெகுதூரம் விலகிவிடுகின்றன. பொதுவாக மக்கள் அதிகம் பெறுவதற்கே அதிகம் கொடுப்பர். மோட்டார் வண்டியிலும் இடம், ஆசனம், வசதி ஆகியன பெருகப் பெருக விலையும் பெருகுதல் இயல்பு. ஆனால், ஸ்போர்ட்ஸ் கார் என வழங்கும் விரைவு வண்டிகளுள் ஓரினம் இம்முறைக்கு மாறாக நிற்கின்றது. அங்கே பின்னாசனம் இல்லை; பொதி வைக்கப் போதிய இடமில்லை; சிலவற்றிற் கூரையும் கதவுமே இல்லை. பாரம் குறையக் குறைய விலை ஏறுகின்றது. இல்லாமைக்குக் கொடுக்கும் இவ்விலை தகுமா என்பது ஆராய்தற்குரிய வினாவாகும்.

பாரத்தைக் குறைத்தலால் விளையும் நன்மை கற்பனையன்று. ஒரு பொருளின் ஆர்முடுகல் அதன்மீது தாக்கும் விசைக்கு நேர்விகிதமாயும் அதன் திணிவுக்கு நேர்மாறாயும் அமையும் என்பது நியூற்றனின் இரண்டாம் விதி. எனவே, எஞ்சினின் வலுவைக் கூட்டுவதாலும் வண்டி விரைந்து புறப்படும். திணிவைக் குறைப்பதாலும் விரைந்து புறப்படும். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டில் வெளிவந்த லோட்டஸ் எலீஸ் என்னும் வண்டி இதற்குத் தக்க சான்றாகும். அதன் நிறை ஏறக்குறைய 725 கிலோகிராம். அதன் எஞ்சின் 118 பரிவலு கொண்டது. 1,450 கிலோகிராம் நிறையுடைய ஒரு வண்டி இவ்விகிதத்தை எட்டவேண்டுமாயின் அதற்கு 236 பரிவலு தேவைப்படும்.

இவ்விரு வழிகளும் புறப்படும்பொழுது ஒத்திருப்பினும், வளைவிலும் நிறுத்தத்திலும் வேறுபடுகின்றன. ஒரே வேகத்திற் செல்லும் இரு வண்டிகளுள் ஒன்றின் திணிவு மற்றதிற் பாதியாயின், அதன் இயக்கசக்தியும் பாதியே. நிறுத்தும்போது பிறேக்குகள் வெப்பமாக மாற்றவேண்டிய சக்தியும் அவ்வாறே பாதியாகும். ரயரின் பிடியோ அதன்மீது ஏற்றப்படும் பாரத்தோடு கூடுமாயினும், அப்பாரத்தின் விகிதத்திற்குக் கூடுவதில்லை. சற்றுப் பின்தங்கியே கூடும். ஆதலின் ஒரே அளவான ரயர் பூட்டிய இரு வண்டிகளுள் இலேசானதே வளைவிற் கூடிய வேகத்தைத் தாங்கும். பெரிய எஞ்சினைப் பொருத்துவதால் இப்பயன்கள் கிட்டா. மேலும், பாரம் பாரத்தை அழைக்கும் இயல்புடையது. பெரிய எஞ்சினுக்கு வலிய சட்டம் வேண்டும். வலிய சட்டத்தை நிறுத்தப் பெரிய பிறேக்குகள் வேண்டும். அவற்றுக்கெல்லாம் அகன்ற சில்லுகள் வேண்டும். மயிலிறகேயாயினும் அளவுகடந்து ஏற்றின் அச்சு முறியும் என்பது பழைய உண்மையன்றோ!

எனினும், இலேசாதல் எல்லாவற்றையும் தந்துவிடாது. சமதரையில் ஒரு வண்டியின் உச்ச வேகத்தைத் தடுப்பது பெரும்பாலும் காற்றின் எதிர்ப்பேயாகும். அவ்வெதிர்ப்பு வண்டியின் உருவத்தையும் வேகத்தையும் பொறுத்தது, நிறையைப் பொறுத்ததன்று. ஆகவே, நேரான நெடுஞ்சாலையில் உயர்வேகம் ஒன்றையே விரும்புவோன் இலேசுக்கென விலை கொடுப்பது வீண். வளைந்து செல்லும் வழியில், வண்டி தன் கருத்துக்கு இணங்கி உடனுக்குடன் திரும்புதலை விரும்புவோனுக்கே அது பொருளுடையதாகும்.

இக்கொள்கையை ஒரு நெறியாகவே வளர்த்தவர் கொலின் சப்மன். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பொறியியல் பயின்ற அவர் 1952இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஓர் உறுப்பைக் கொண்டு இரு வேலைகளைச் செய்விக்க இயலுமாயின் இரண்டாம் உறுப்பு எதற்கு என்பதே அவர் நோக்கு. 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் மெல்லிய உருக்குக் குழாய்களாலான சட்டமும் அலுமினியத் தகடும் கொண்ட எளிய வண்டி. அது உறுப்புகளாகப் பிரித்தும் விற்கப்பட்டது. வாங்குவோர் தாமே பொருத்திக்கொண்டமையால் அந்நாளைய பிரித்தானியக் கொள்வனவு வரி அவர்களைச் சாரவில்லை. இங்கு ஒன்று குறிப்பிடத்தக்கது. இலேசான வண்டி தன் தொடக்கத்திற் செல்வரின் பொருளாக இருக்கவில்லை. சிறு ஊதியமும் பெரு விருப்பும் உடையோரின் பொருளாகவே இருந்தது.

அவ்வாறாயின் இன்று அது விலையேறியது ஏன்? முதற் காரணம் எண்ணிக்கை. சாதாரண வண்டியின் உடல் உருக்குத் தகட்டைப் பேரச்சுகளில் அழுத்திச் செய்யப்படுவது. உருக்கு மலிந்தது, அச்சுகளோ பெருஞ் செலவுடையன. இலட்சக்கணக்கான வண்டிகள் செய்யும்போது அச்செலவு பகிரப்பட்டு ஒவ்வொரு வண்டிக்கும் அற்பமாகிவிடும். சில நூறு வண்டிகளுக்கோ தாங்கொணாச் சுமையாகும். எலீஸ் வண்டியில், வார்ப்புவாய் வழியே நீளமாக அழுத்தி எடுத்த அலுமினியச் சட்டங்களைப் பசையால் ஒட்டி, 68 கிலோகிராம் அளவிலான அடிச்சட்டம் அமைத்தனர். இது சிறு தொகைக்கு ஏற்ற நுட்பமான வழி.

இரண்டாம் காரணம் பொருளும் உழைப்பும். காபன் நார் உருக்கினும் மிக இலேசானது, வலிமையுடையது. ஆனால் அதனை அச்சின்மீது படைபடையாகப் பெரும்பாலும் கையினால் விரித்து, வெப்பமும் அமுக்கமும் கொண்ட அடுப்பில் நெடுநேரம் பதப்படுத்தல் வேண்டும். கோர்டன் மறே வடிவமைத்து 1992இல் அறிமுகமான மக்லாறன் எஃப்-1, காபன் நாரினாலான உடற்கூட்டைக் கொண்ட சாலை வண்டியாகும். 627 பரிவலு கொண்ட எஞ்சினைத் தாங்கியும் அதன் நிறை 1,138 கிலோகிராமே. எஞ்சின் அறையின் வெப்பத்தைத் திருப்ப அதிற் பொற்றகடு வேய்ந்தனர். விலை ஐந்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்டது. முதல் நூறு கிலோகிராமைச் சிந்தனையாற் குறைக்கலாம். கடைசிப் பத்துக் கிலோகிராமைப் பொன் கொடுத்தே குறைத்தல் வேண்டும் என்பதற்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டில்லை.

மூன்றாம் காரணம் அருமை. மக்லாறன் எஃப்-1 வண்டிகள் மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று 2021இல் அமெரிக்காவில் இரண்டு கோடி டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. இவ்விலையில் இலேசுக்குரிய பங்கு சிறிது. கிடைத்தற்கரிய பொருளை உடைமையாக்கும் வேட்கைக்குரிய பங்கே பெரிது. அத்தகைய வண்டிகள் பல, ஓடுதற்கென்றே செய்யப்பட்டும் ஓடாது காப்பறைகளில் உறங்குகின்றன. அங்கே விலை உண்டு, பயன் இல்லை.

இலேசுக்குப் பணமன்றி வேறொரு விலையும் உண்டு. யொக்கன் றின்ற் என்னும் ஓட்டவீரர் 1969இல் ஸ்பானியாவில் நிகழ்ந்த விபத்தின்பின் சப்மனுக்குக் கடிதம் எழுதினார். வண்டிகள் போதிய வேகமுடையன. சில இறாத்தல் பாரத்தைக் கூட்டியேனும் வலுவற்ற உறுப்புகளை உறுதிசெய்க என்பதே அதன் சாரம். 1970 செத்தெம்பர் 5ஆம் நாள் இத்தாலியின் மொன்சாவிற் பயிற்சி ஓட்டத்தின்போது அவர் செலுத்திய லோட்டஸ் வண்டி பாதுகாப்பு வேலியில் மோதியது. பிறேக்குத் தண்டு முறிந்தமை விபத்தின் தொடக்கமாகவும், வேலி செம்மையாகப் பொருத்தப்படாமை உயிரிழப்பின் காரணமாகவும் கூறப்பட்டன. அவ்வாண்டின் உலக வெற்றிப்பட்டம் இறந்த அவருக்கே உரியதாயிற்று. தேவையற்றதைக் களைவது கலை. தேவையானதைக் களைவது பிழை. இரண்டிற்கும் இடையேயுள்ள எல்லையைச் சோதித்து அறிவதற்கே நேர்மையான விலையின் பெரும்பகுதி செலவாதல் வேண்டும்.

இவ்வெல்லையைக் காத்தும் விலையைத் தாழ்த்தலாம் என்பதை யப்பானியர் காட்டினர். ஹிரோஷிமாவைச் சேர்ந்த மஸ்டா நிறுவனம் 1989இல் எம்.எக்ஸ்.-5 என்னும் இருவர் வண்டியை வெளியிட்டது. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒன்றாதல் என்ற பொருளுடைய தொடரை அதனை ஆக்கியோர் தம் இலக்காகக் கொண்டனர். ஒரு தொன்னுக்குக் குறைந்த அவ்வண்டியிற் பொன்னும் இல்லை. காபன் நார்க் கூடும் இல்லை. பெருந் தொழிற்சாலையிற் பெருந்தொகையாகச் செய்யப்பட்டமையால் நடுத்தர வருவாயினரும் அதனை வாங்க இயன்றது. 2016இல் அதன் எண்ணிக்கை பத்து இலட்சத்தை எட்டியது.

மின்வண்டிகளின் வருகையால் இவ்வாராய்ச்சி மேலும் கூர்மை பெறுகின்றது. 2008இல் வெளிவந்த ரெஸ்லா றோட்ஸ்ரர் எலீசின் அமைப்பைத் தழுவியதே. ஆயினும் அதன் மின்கலத் தொகுதி மட்டும் ஏறக்குறைய 450 கிலோகிராம். முழு வண்டியோ ஏறக்குறைய 1,300 கிலோகிராம். மின்னோடியின் வலு அப்பாரத்தை மறைத்து வண்டியை விரைந்து செலுத்துமேனும், வளைவில் ரயரும் நிறுத்தத்தில் பிறேக்கும் அதனை மறப்பதில்லை. எலீஸ் உற்பத்தி 2021இல் முடிவுற்றது. அத்தகைய வண்டி அருகி வருதலின் அதன் விலை இன்னும் உயருதல் வியப்பன்று.

ஆகவே, இலேசான வண்டியின் உயர்விலை தகுமா என்ற வினாவிற்கு ஒரே விடை கூறல் பொருந்தாது. விலையைப் பகுத்துப் பார்த்தலே அறிவுடைமை. சிந்தனைக்கும் சோதனைக்கும் கைத்திறனுக்கும் கொடுக்கும் விலை தகும். அதனை வாங்கியவன் ஓட்டுவானாயின் முற்றிலும் தகும். கடைசிச் சில கிலோகிராமுக்காகக் கொடுக்கும் பெருந்தொகை, பந்தயத்தில் நொடிகளை எண்ணுவோனுக்கன்றிப் பிறர்க்குத் தகாது. அருமைக்கெனக் கொடுக்கும் விலையோ வண்டியின் விலையன்று. உடையவனின் பெருமிதத்தின் விலை. பாரத்தைக் களைந்து செய்யப்பட்ட வண்டியை வாங்குவோன் அப்பெருமிதப் பாரத்தையும் களைந்து வாங்குவானாயின், அவன் கொடுத்த விலை வீண்போகாது.