வீட்டுப் பேச்சே முதல் மறைக்கல்வி



நெய்யூரில் வாழும் நமக்கு நட்டாலம் தொலைவான ஊர் அல்ல. 1712இல் அங்கே பிறந்த நீலகண்ட பிள்ளை, உடைமைகளை இழந்து மனம் தளர்ந்திருந்த வேளையில், தளபதி டிலனாய் அவருக்கு யோபுவின் வாழ்வை எடுத்துரைத்தார். டிலனாய் குரு அல்ல, பொதுநிலையினர். அந்த உரையாடலே நீலகண்டரை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆகும்வரை வழிநடத்தியது. அவருடைய மனைவி பார்கவியும் ஞானப்பூ என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றார்.

ஞாயிறுதோறும் பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்புகிறோம், நல்லது. ஆனால் துன்ப நேரத்தில் நம் வீட்டில் பேசப்படுவது என்ன? ரப்பர் விலை சரியும்போதும், மகன் தேர்வில் தோற்கும்போதும் ஒருவரையொருவர் குறை சொல்கிறோமா, குடும்பமாக முழந்தாள்படியிடுகிறோமா? பிள்ளைகள் கவனிப்பது இதைத்தான்.

இன்னொன்று. தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். நாமோ செபமாலை முடித்துச் சாப்பிட அமர்ந்ததும் அடுத்த வீட்டாரின் சாதியைச் சொல்லி இழிவாகப் பேசினால், செபத்தைப் பிள்ளை மறந்துவிடும், அந்தச் சொல்லை மறக்காது.

குடும்பத்தை இல்லத் திருச்சபை என்கிறது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1752இல் காற்றாடிமலையில் உயிரைக் கொடுத்த தேவசகாயத்தைத் திருச்சபை 2022இல் புனிதராக அறிவித்தது. நம்மிடம் இன்று கேட்கப்படுவது உயிர் அல்ல, சாப்பாட்டு வேளையில் சிறிது நாவடக்கம். இன்றிரவே தொடங்குவோம். ஆமென்.