வாளில் ஒட்டிய சின்னம் எந்தக் காலத்தது?

ஜெர்மன் தரைப்படை அதிகாரிகளின் சீருடையில் 1935-இல் ஒரு குத்துவாள் சேர்ந்தது. போரிடுவதற்கான ஆயுதம் அல்ல அது; அணிவகுப்பிலும் விருந்திலும் இடுப்பில் தொங்கிய அலங்காரம். செய்தவர்கள் பெரும்பாலும் சோலிங்கன் நகரத்து வாள் பட்டறைக்காரர்கள். குறுக்குப்பிடியில் ஸ்வஸ்திகாவைப் பற்றியிருக்கும் கழுகு உண்டு. அதைத் தவிர வேறு சின்னத்துக்கு அதில் இடமில்லை.

ஆனால், சேகரிப்பாளர்களின் சந்தைக்கு வரும் சில வாள்களின் உறையிலோ கைப்பிடியிலோ ஒரு மண்டை ஓடோ எடல்வைஸ் மலரோ கூடுதலாகப் பதிந்திருக்கும். மண்டை ஓட்டைக் கண்டதும் “இது எஸ்.எஸ். படையுடையது” என்று யாராவது சொல்வார். விலை உடனே ஏறிவிடும்.

அந்த அவசரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பிரஷ்யாவின் ஹுஸார் குதிரைவீரர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே மண்டை ஓட்டுச் சின்னம் அணிந்தவர்கள். நெப்போலியனை எதிர்க்க 1809-இல் பிரவுன்ஷ்வைக் கோமகன் திரட்டிய கறுப்புச் சீருடைப் படைக்கும் அதுவே அடையாளம். அந்த மரபின் வாரிசாக 17ஆம் காலாட்படை ரெஜிமென்ட், ஹிட்லர் காலத்திலும் அதைத் தொப்பியில் வைத்திருந்தது. டாங்கிப் படையினரின் கழுத்துப்பட்டையிலும் அது இருந்தது. எனவே முதலில் தாடையைப் பார்க்க வேண்டும். பிரஷ்ய வடிவத்துக்குக் கீழ்த்தாடை கிடையாது. எஸ்.எஸ். 1934-இல் தனக்கென்று எடுத்துக்கொண்ட புது வடிவத்துக்குத் தாடை உண்டு. பிரவுன்ஷ்வைக் ஓட்டிலும் பற்கள் தெரியும். அதன் எலும்புகள் ஓட்டுக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும்.

வடிவம் இவ்வளவுதான் சொல்லும். தொப்பியில் இருந்த அசல் சின்னத்தைக் கழற்றி நேற்று வாளில் பொருத்தியிருந்தாலும் அது அசல் சின்னம்தான். பொருத்தியது எப்போது என்பதுதான் கேள்வி. தன் ரெஜிமென்டின் மீதுள்ள பற்றால் வாளுக்குரிய அதிகாரியே பொருத்தினாரா, போர் முடிந்து நினைவுப்பொருளாக எடுத்துச் சென்ற அமெரிக்கச் சிப்பாயா, விலை ஏற்ற நினைத்த வியாபாரியா? இந்த மூவரையும் பிரித்தறிய வேதியியல் ஓரளவு உதவும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி ஈரக்காற்றில் இருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிவிடுகிறது. எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் அரிக்கப்படும். துத்தநாகமோ அலுமினியமோ கலந்த பாகத்தின் மேல் பித்தளைச் சின்னம் பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருந்தால், விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பொடியும் குழிகளும் இருக்க வேண்டும். சின்னத்தின் அடியில் உலோகம் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

கைப்பிடி இன்னும் நல்ல சாட்சி. பல கைப்பிடிகளின் மேலுறை செல்லுலாய்ட். செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆன இந்தப் பழைய பிளாஸ்டிக் வயதாக ஆக நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். செம்பு கலந்த உலோகம் அருகில் இருந்தால் பச்சைக் களிம்பு பூக்கும். செல்லுலாய்டில் நீண்ட காலமாகப் பதிந்திருப்பதாகச் சொல்லப்படும் பித்தளைச் சின்னம் ஓரிடத்திலும் பச்சை பிடிக்காமல் இருந்தால், அந்தக் கதையை நான் நம்ப மாட்டேன்.

ஆணித் துளைகளைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது எளிய சோதனை. துளையின் உட்சுவரிலும் முலாம் படிந்திருந்தால், முலாம் பூசுவதற்கு முன்பே பட்டறையில் துளையிட்டிருக்கிறார்கள். முலாமைக் கிழித்துக்கொண்டு துளை போயிருந்தால் அது பின்னாளைய வேலை. அந்த அதிகாரியே நகைக்கடையில் கொடுத்துச் செய்திருக்கவும் கூடும். அப்போது துளையின் வெட்டு முகமும் மற்ற இடங்களைப் போல மங்கி, கறுத்திருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் புற ஊதா விளக்கு உதவும். எப்பாக்ஸி பசைகள் பல அதில் வெளிர் நீலமாக ஒளிரும். உடனடியாக ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை கடைக்கு வந்ததே 1958-இல். அது அகப்பட்டால் போர்க்காலக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சின்னத்தின் நகலைக் கண்டுபிடிக்க அளவுகோல் போதும். அசலை எஃகு அச்சில் வைத்து அழுத்தி அடிப்பார்கள். கோடுகள் கூர்மையாக நிற்கும். அதிலிருந்து வார்ப்பு எடுத்தால், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் சற்றே சிறியதாகிவிடும். காற்றுக் குமிழிகளின் சிறு துளைகளும் பரப்பில் தெரியும். அருங்காட்சியகங்களில் இதற்கு மேல் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் சுரண்டாமலேயே உலோகக் கலவையைப் படிக்கிறார்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அது நம் கடைகளிலும் கிடைக்கிற ஜெர்மன் சில்வர். ஆனால் அந்தக் கருவி காட்டுவது கலவையை, ஆண்டை அல்ல.

இவை கொலைகார அரசொன்றின் மிச்சங்கள். ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது இன்றும் குற்றம். ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பொய்யான ஒரு சின்னம் வரலாற்றுச் சான்றையே கெடுக்கிறது என்பதால்தான் இந்தச் சோதனைகள் தேவை.

பழைய வாளோ பதக்கமோ வேறெந்த உலோகப் பொருளோ உங்கள் கைக்கு வந்தால், ஒன்று செய்யுங்கள்: புளி போட்டுத் துலக்காதீர்கள். அந்தக் களிம்பையும் கறையையும் வைத்துத்தான் அதன் வயதைப் படிக்க முடியும்.