மேகக் கணிமைச் செலவைச் சேவைவாரியாகப் பகுத்தல்: ‘ஈசி2-அதர்’ என்னும் செலவினம்

அமேசான் வெப் சர்வீசஸ் வழங்கும் ‘காஸ்ட் எக்ஸ்புளோரர்’ என்னும் கருவி மாதச் செலவைச் சேவைவாரியாகப் பிரித்துக் காட்டுகிறது. கணிப்புப் பணிக்கு ஈசி2, கோப்புச் சேமிப்புக்கு எஸ்3 எனப் பகுப்பு தெளிவாகவே தோன்றும். ஆயின், அப்பட்டியலில் இடம்பெறும் ‘ஈசி2-அதர்’ தனிச் சேவையன்று. வாடகைக் கணினியுடன் இணைந்த இபிஎஸ் வட்டு, அதன் ஸ்னாப்ஷாட் நகல்கள், நாட் கேட்வே, தரவுப் பரிமாற்றம் முதலியவற்றின் கட்டணங்கள் அதனுள் ஒருங்கே அடங்கியுள்ளன. கணினியை நிறுத்தினால் அதற்குரிய கட்டணம் நின்றுவிடும்; வட்டுக்குரிய கட்டணமோ வட்டை நீக்கும்வரை தொடரும். (நிறுத்துதலும் நீக்குதலும் வேறு என்பது பெரும்பாலும் கட்டணச்சீட்டு வந்தபின்னரே புலப்படுகிறது.) பெருந்தரவகத்தைக் கையாளும் ஆய்வாளர், பணி முடிந்ததெனக் கருதியிருக்கும் மாதங்களிலும் நல்கைத் தொகை இவ்வழியே கரையக்கூடும். எனவே அச்செலவினத்தை மட்டும் வடிகட்டி, பயன்பாட்டு வகைவாரியாக மீண்டும் பகுத்தல் வேண்டும். அப்போது ‘வால்யூம்யூசேஜ்’ என வரும் வரி வட்டையும், ‘ஸ்னாப்ஷாட்யூசேஜ்’ என வரும் வரி நகலையும் குறிக்கும்.