ஆவியை இனங்காணும் அயனிக் கருவி

விமான நிலையத்தில் பயணியின் பெட்டியைச் சிறு துணித்துண்டினால் துடைத்து, அத்துணியை ஒரு கருவியினுள் செலுத்திச் சோதிப்பதைப் பலர் கண்டிருப்பர். துணியில் ஒட்டிய வெடிமருந்துத் துகள் சூட்டினால் ஆவியாகிறது. சில விநாடிகளில் அவ்வாவியின் இனம் தெரிந்துவிடுகிறது. இம்முறை அயனிகளின் நகர்திறனை அடிப்படையாகக் கொண்டது.

கருவியினுள் நிக்கல்-63 வெளியிடும் பீட்டாக் கதிர்கள் முதலில் காற்றை அயனிகளாக்குகின்றன. அவை தம் மின்னூட்டத்தை ஆவியின் மூலக்கூறுகளுக்கு வழங்குகின்றன. மெல்லிய கம்பிகளாலான வாயில் ஒன்று கணப்பொழுது திறந்து மூட, அயனிக் கூட்டம் குழாயினுள் புகுந்து, மின்புலத்தால் இழுக்கப்பட்டு, எதிர்வரும் உலர்ந்த காற்றினூடே செல்கிறது. திருவிழா நெரிசலில் வெறுங்கையர் முன்னும் மூட்டை சுமப்பவர் பின்னும் செல்வதுபோல, சிற்றயனிகள் முந்துகின்றன, பேரயனிகள் பிந்துகின்றன. மறுமுனையை அடையும் நேரமே பொருளின் அடையாளமாகும். இந்நகர்வுபற்றிய கொள்கையைப் பிரெஞ்சு அறிஞர் பால் லாங்கெவின் 1905-இல் வகுத்தார். 1980-களில் போர்வீரர் கையிலேந்தும் அளவிற்குக் கருவி சிறுத்தது.

மேலும் சிறிதாக்குவதில் உள்ள இடர்ப்பாட்டை ஒரு கணக்கால் விளக்கலாம். சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் புலத்தில் ஓர் அயனி விநாடிக்கு 2 சென்டிமீட்டரும், மற்றொன்று 1.9 சென்டிமீட்டரும் செல்வதாகக் கொள்வோம். புலம் 200 வோல்ட்டாயின், 8 சென்டிமீட்டர்க் குழாயை அவை சுமார் 20, 21 மில்லி விநாடிகளில் கடக்கும். வாயில் 0.2 மில்லி விநாடி திறந்திருப்பினும் இரண்டும் வேறாகத் தெரியும். குழாயை 2 சென்டிமீட்டராக்கினால் வேறுபாடு 0.26 மில்லி விநாடியே. இரு கூட்டங்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அயனிகள் இயல்பாகப் பரவுவதும் இக்கலப்பை மிகுவிக்கும். மின்னழுத்தத்தை உயர்த்தினால் பரவலின் விளைவு குறையும்; ஆனால் பயண நேரமும் குறைவதால் வாயில் இன்னும் விரைந்து மூடவேண்டும். சிறிய கூட்டினுள் மின்கசிவைத் தடுப்பதும் அரிது. சிற்றுருவக் கருவி செய்வோரின் உழைப்பெல்லாம் இவற்றிலேயே அடங்கியுள்ளது.

கருவியைக் கையாள்வோர் மறவாதிருக்க வேண்டிய பகை ஈரம். நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்து ஒட்டிக்கொண்டு, அவற்றின் வேகத்தை மாற்றுகின்றன. ஆகவே, காற்றை உலர்த்தும் பொருள் கருவியினுள் வைக்கப்படுகிறது. மழைக்காலத்தில் அது விரைவில் தன் திறனை இழக்கும். உரிய காலத்தில் அதனை மாற்றாவிடின், தீங்கற்ற மணத்திற்கு எச்சரிக்கை ஒலிக்கலாம். மெய்யான நஞ்சு வந்தபோது கருவி வாளாவிருக்கலாம். அறிந்த பொருளொன்றால் கருவியை நாள்தோறும் சோதித்த பின்னரே அதனை நம்பி ஓரிடத்தினுள் புகுதல் தகும்.