வெந்நீர் வேண்டும், விஷக்காற்று வேண்டாம்!

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் பாலக்கோட்டில் விடியற்காலைப் பனி எலும்பைத் தொடும். தை முடிகிறவரை பச்சைத் தண்ணீரில் குளிக்கிற பேச்சே கிடையாது. முன்பெல்லாம் புழக்கடையில் மூன்று கல்லைக் கூட்டி, தவலையை ஏற்றி, தென்னை மட்டையைச் செருகினால் வீட்டுக்கே வெந்நீர் ஆயிற்று. புகை கண்ணைக் கரிக்கும். ஆனால் அது வானத்தைப் பார்க்கப் போய்விடும்.

இன்று பல வீடுகளில் புழக்கடையும் இல்லை, விறகும் இல்லை. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேஸ் கீசர் வாங்கி வந்து குளியலறையில் மாட்டிக் கொடுக்கிறார்கள். கரண்ட் போனாலும் கவலையில்லை. குழாயைத் திறந்த நொடியில் வெந்நீர். நல்ல சாமான்தான், அதை நான் குறை சொல்ல வரவில்லை. அதை எங்கே மாட்டுகிறோம், எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் நம் உயிரே இருக்கிறது. அதைத்தான் சகோதரிகளோடு பேச நினைக்கிறேன்.

நெருப்புக்கும் மூச்சு உண்டு

எந்த நெருப்பும் காற்று இல்லாமல் எரியாது. ஒரு கிலோ சமையல் கேஸ் நன்றாக எரிய ஏறக்குறைய 13 கன மீட்டர் காற்று தேவை. நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர், நம் அடுப்பின் ஐந்தாறு பர்னர்களை ஒரே சமயத்தில் ஏற்றியதற்குச் சமம். பத்து நிமிடக் குளியலுக்குச் சுமார் 150 கிராம் கேஸ் எரிகிறது. அதற்கு இரண்டு கன மீட்டர் காற்று வேண்டும்.

நம் குளியலறையின் அளவு என்ன? நாலடிக்கு ஆறடி, உயரம் எட்டடி. மொத்தமே ஐந்தரை கன மீட்டர் காற்றுதான். கதவைத் தாழிட்டு, குளிருக்காக வென்டிலேட்டரையும் அடைத்துவிட்டால், பத்தே நிமிடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கை நெருப்பு தின்றுவிடும். மிச்சம் உள்ளதைத்தான் நாம் சுவாசிக்க வேண்டும்.

காற்று குறைந்ததும் கேஸ் அரைகுறையாக எரியும். அப்போது உண்டாவதுதான் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு. இந்த கீசர்களில் பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கிக் குழாய் கிடையாது. எரிந்த காற்று முழுவதும் அந்த அறைக்குள்தான் இறங்குகிறது.

மணமில்லாத நஞ்சு

"கேஸ் கசிந்தால் நாற்றம் வருமே, தெரிந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். அந்த நாற்றம், கசிவைக் கண்டுபிடிப்பதற்காகவே கேஸில் சேர்க்கும் மெர்காப்டன் என்ற பொருளுடையது. கேஸ் எரியும்போது அதுவும் எரிந்துபோகிறது. கார்பன் மோனாக்சைடுக்கோ நிறம், மணம், ருசி எதுவும் இல்லை. கண்ணும் எரியாது, இருமலும் வராது.

நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்கிறது. அதனோடு கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். இடம் பிடித்தவன் எழுந்திருக்க மாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான். மூளையும் இதயமும் முதலில் தவிக்கும். கால் துவண்டு விழுந்தபின் தாழ்ப்பாளை எட்டக்கூடத் தெம்பு இருக்காது.

குளிக்கப் போனவர் விழுந்து கிடந்ததையும், வலிப்பு வந்ததையும், பிழைத்தவர்களில் சிலருக்கு ஞாபகசக்தி குறைந்ததையும் நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஜோலா 1902இல் பாரீஸில் தன் வீட்டுப் படுக்கையறையிலேயே இறந்தார். கணப்பின் புகைபோக்கி அடைபட்டு, இதே வாயு அறையில் நிறைந்ததுதான் காரணம்.

'பித்தம்' என்று நினைத்தால்?

எங்கள் தெருவில் ஓர் இளம் தாய். கைக்குழந்தைக்காரி. தலைக்குக் குளித்த நாளெல்லாம் தலைவலி, குமட்டல், கண் இருட்டல். "பித்தமா இருக்கும், இஞ்சிச் சாறு குடி கண்ணு" என்றார் மாமியார். "மறுபடியும் விசேஷமோ?" என்று இன்னொரு பாட்டி சிரித்தார். மாரண்டஅள்ளியில் தாய் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்தால் எதுவும் இல்லை. திரும்பி வந்தால் மறுபடியும் ஆரம்பம்!

கீசர் சரியாகப் பற்றவில்லையென்று மெக்கானிக் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஜ்வாலை மஞ்சளாக எரிந்தது. மேல் மூடியில் கரி. வென்டிலேட்டரில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. "ஏம்மா, இத்தனூண்டு ரூமுக்குள்ள வெச்சு அடைச்சிட்டீங்களே. அது விடற மூச்சைத்தான் இந்தப் பொண்ணு இழுத்துக்கிட்டிருக்கு" என்றார். அன்றே கீசரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டினார்கள். தலைவலி அதோடு போயிற்று. தலைக்குக் குளிக்கும் நாளில்தான் அவள் அதிக நேரம் உள்ளே இருந்தாள் என்பது பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது.

குளித்தால் வரும், வெளிக்காற்றில் போகும் – இப்படி ஒரு தலைவலி வீட்டில் இருந்தால், இஞ்சிச் சாற்றுக்கு முன் கீசரைப் பாருங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டில்

குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் இந்த நஞ்சு அவர்களை முதலில் தாக்கும். கர்ப்பிணியின் ரத்தத்தில் கலந்தால் வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். ஆகவே குழந்தையைக் குளிப்பாட்ட வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கீசரை நிறுத்திவிட்டுப் பிறகு குளிப்பாட்டுங்கள்.

பேறுகால அறையில் கரி நெருப்பு வைத்துக் கதவைச் சாத்துவது இன்னும் சில வீடுகளில் உண்டு. கரியும் இதே நஞ்சைத்தான் கக்கும். கும்முட்டி அடுப்போ, சாம்பிராணிக் கரண்டியோ, தணல் உள்ள எதுவும் தூங்கும் அறையில் வேண்டவே வேண்டாம். குளிருக்குக் கம்பளி போதும்.

செய்ய வேண்டியவை

1. கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டுங்கள். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

2. மாற்றும்வரை, வாளியில் பிடித்து, கீசரை நிறுத்தி, சற்று நேரம் கதவைத் திறந்துவைத்த பிறகே குளியுங்கள். வென்டிலேட்டரை அடைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதாது. காற்று உள்ளே வரவும் வழி வேண்டும்.

3. ஜ்வாலை நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ, கரி படிந்தாலோ உடனே நிறுத்துங்கள்.

4. வருடம் ஒருமுறை, பழகிய மெக்கானிக்கை வைத்து பர்னர், வெப்பத் தகடுகள், பாதுகாப்பு வால்வு எல்லாவற்றையும் சுத்தம் செய்து சோதிக்கச் சொல்லுங்கள். சிலந்திக் கூடும் தூசியும் காற்றுத் துவாரத்தை அடைத்துவிடும்.

5. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர் குழாயையே பயன்படுத்தி, 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.

6. கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கிறது. கேஸ் கசிவு அலாரம் வேறு, இது வேறு. கேட்டு வாங்குங்கள்.

இங்கிலாந்தில் புகைபோக்கி இல்லாத கேஸ் கணப்பு வைக்கிற அறைச் சுவரில், மூடமுடியாத காற்றுத் துவாரம் வைக்கிறார்கள். பிராணவாயு குறைந்தால் தானே அணைந்துவிடும் கருவியும் அதில் உண்டு. பதிவு பெற்ற மெக்கானிக் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. நமக்கு அத்தனை கட்டுக்காவல் இல்லாததால், அந்தக் காவலை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாராவது மயங்கினால்

குளிக்கப் போனவரிடமிருந்து பதில் இல்லையென்றால் யோசிக்காமல் கதவை உடையுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு கேஸை மூடி, அவரைத் திறந்த வெளிக்குத் தூக்கி வாருங்கள். சோடா, காப்பி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். உடனே 108. டாக்டரிடம் "கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது" என்று முதலில் சொல்லுங்கள். இது முக்கியம். விரலில் மாட்டிப் பார்க்கும் சாதாரண ஆக்சிஜன் கருவி இந்த நஞ்சை அடையாளம் காணாது. எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும். தனி ரத்தப் பரிசோதனை வேண்டும். முகமூடி வழியே பிராணவாயு கொடுப்பதே முதல் சிகிச்சை. மயக்கம் தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கக்கூடாது.

தீபாவளிக்கு முன் ஒட்டடை அடிக்கிறோம், பரணைச் சுத்தம் செய்கிறோம். அந்த வாரத்திலேயே மெக்கானிக்குக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள். குளிர் வருவதற்கு முன் வேலை முடிந்துவிடும்.