குழாய்த் தண்ணீருக்கும் கணக்கு உண்டு

மெல்பேர்னுக்கு வந்த புதிதில் நம்மில் பலர் வியந்தோம்: துலாவும் வேண்டாம், வாளியும் வேண்டாம், குழாயைத் திறந்தால் தண்ணீர்! அந்தத் தண்ணீரின் பெரும்பகுதி மலைக் காடுகளில் பெய்யும் மழை. அதைத் தேக்கும் அணைகளில் பெரியது தொம்சன்.

1997 முதல் 2009 வரை நீடித்த வரட்சியில் நீர்த்தேக்கங்கள் கால்பங்கு அளவுக்கு இறங்கின. ஆளுக்கு நாளொன்றுக்கு 155 லீற்றர் போதும் என்று 2008இல் மக்களிடம் கேட்கப்பட்டது. நான்கு நிமிடத்தில் குளித்தார்கள். குளித்த நீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றினார்கள். 2012இல் வொந்தகியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை கட்டிமுடிக்கப்பட்டது. அந்த நீருக்குச் செலவும் மின்சாரமும் அதிகம். காலநிலை மாற்றத்தால் இப்பகுதியின் குளிர்கால மழையோ குறைந்து வருகிறது.

கார்ப் பாதையை ஹோஸ் பிடித்துக் கழுவுவது வரட்சியில்லாத காலத்திலும் இங்கு பொதுவாகத் தடை. முற்றம் தெளித்துப் பழகிய எமக்கு இது புதிது, தும்புத்தடி போதும். தோட்டத்து ஹோஸின் நுனியில், கைவிட்டதும் நீரை நிறுத்தும் விசைப்பிடி இருக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் கிணறு ஊறும். அளவுமீறி இறைத்தால் கிணறு உவராகும் என்பதை அறிந்தவர்கள் நாம். கிணற்றைக் காணாத நம் பிள்ளைகளுக்கு அதைக் குழாயடியில் சொல்லிக்கொடுப்போம்.