தூண் முந்தியது, காந்தம் பிந்தியது

பெங்களூரு லால்பாக் குன்று ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழைய நைஸ் பாறை. அதில் தூண்கள் கிடையாது. தூண் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உடுப்பிக்குப் போய், மல்பேயில் படகேறி, செயின்ட் மேரீஸ் தீவில் இறங்குகிறார்கள். செதுக்கி நட்டதுபோல் ஐந்து, ஆறு, ஏழு முகங்களோடு நிற்கும் அந்தக் கற்களைப் பசால்ட் என்றே பலரும் சொல்கிறார்கள். உண்மையில் அது சிலிக்கா மிகுந்த ரையோடேசைட். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாஸ்கர் இந்தியாவை விட்டு விலகிய காலத்து எரிமலைக் குழம்பு. மும்பை அந்தேரியின் கில்பர்ட் குன்று அசல் பசால்ட். கனிமக் கலவை வேறு, தூண் வடிவம் ஒன்றே. அப்படியானால் வடிவத்துக்குப் பொறுப்பு கனிமம் என்பதைவிடக் குளிர்ந்த விதம் என்பதே பொருந்தும்.

குழம்பு மேலிருந்தும் அடியிலிருந்தும் ஆறுகிறது. ஆறிய பகுதி சுருங்கப் பார்க்கிறது. பக்கத்துப் பாறை விடுவதில்லை. கோடையில் ஏரி வண்டல் வெடிப்பதுபோல் அது வெடிக்கிறது. ஏரியில் வெடிப்பு சில அங்குலத்தோடு நின்றுவிடும்; இங்கோ குளிர் உள்ளே இறங்க இறங்க வெடிப்பும் படிப்படியாகத் தொடர்ந்து இறங்கும். தூண் முகங்களில் குறுக்கே ஓடும் வரிகள் அந்தப் படிகளின் தடங்கள். மெல்லக் குளிர்ந்தால் தூண் பருக்கும், விரைந்து குளிர்ந்தால் மெலியும். அறுகோணம் படிகத்தின் வடிவம்தானே என்று கேட்கலாம். பசால்டின் ஃபெல்ஸ்பார், பைராக்சின் படிகங்கள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாத அளவு. தூணின் அகலத்தை அவை தீர்மானிக்க முடியாது. குழம்பு கொதித்துச் சுழன்றபோதே அறைகள் அமைந்தன என்ற பழைய விளக்கமும் நிற்கவில்லை. 2018இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசால்டைச் சூடாக்கிக் குளிரவிட்டுச் சோதித்தார்கள். வெடிப்பு 840 முதல் 890 டிகிரி செல்சியஸில், பாறை முழுதும் திடமான பிறகே, தொடங்கியது.

கனிமத்தின் முறை அதற்குப் பிறகு வருகிறது. பசால்டிலுள்ள மாக்னடைட் 580 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அன்றைய புவிக்காந்தத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. டைட்டானியம் கலந்திருந்தால் இன்னும் தாழ்ந்த வெப்பத்தில். தக்காணப் பாறைகளில் இப்படி உறைந்த திசையை 1950களில் அளந்துதான் இந்தியா ஒருகாலத்தில் தென் அரைக்கோளத்தில் இருந்தது என்று காட்டினார்கள். மின்னல் விழுந்த இடத்தில் இந்தப் பதிவு கெடும் என்பது நியாயமான ஆட்சேபம்; அதனால்தான் ஒரே கல்லை நம்பாமல் பல மாதிரிகளை எடுத்து ஒப்பிடுகிறார்கள். தூணுக்கும் காந்தத்துக்கும் இடையிலுள்ள இந்த முந்துதல் பிந்துதல் களத்தில் பயன்படுகிறது. விசிறிபோல் சாய்ந்த தூண்கள் எல்லாமே ஒரே காந்தத் திசையைக் காட்டினால், சாய்வு பிறவியிலேயே வந்தது. ஒரு தூணில் மட்டும் திசை விலகினால், அது ஆறிய பிறகு சரிந்து விழுந்தது.